ஜெயக்கொடியின் தாடை

ஜெயக்கொடி பேரையூர்க்காரி. கப்பலூரில் ரப்பர் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தாள். 2004ஆம் வருடம் அவளுடைய இடப்பக்கக் கீழ்த்தாடை எலுமிச்சை அளவுக்கு வீங்கியது. எலும்புக்குள் நீர்க்கட்டி என்றார்கள். மதுரை ஆஸ்பத்திரியில் அதிலிருந்து கொஞ்சம் சதையெடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

சோதனைப் பிரிவின் தலைமை டாக்டர் ஹாலாஸ்யம் மைக்ரோஸ்கோப்பில் இரண்டே நிமிடம் பார்த்தார்.

"உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோய். பாதித் தாடையை எடுத்துடணும். ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துப் போடும்மா."

அவரிடம் வேலை பார்த்த இளம் டாக்டர் பிருந்தா அந்தப் பிரிவில் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.

"போட மாட்டேன் சார். சுரப்பி மாதிரி செல், பல்லுல இருந்து வர்ற சாதாரணக் கட்டியிலயும் இருக்கும். புரதச் சோதனை செஞ்சுட்டு எழுதுறேன்."

"என் இருபத்தெட்டு வருஷ அனுபவத்தைவிட உன் சாயச் சோதனை பெரிசா?"

"பாதி முகம் போகப்போகுது சார். பத்து நாள் பொறுக்கலாம்."

விஷயம் தெரிந்து ஜெயக்கொடி நேராகப் பிருந்தாவிடமே வந்தாள்.

"டாக்டரம்மா, நெசமாவே புத்துன்னா வெட்டட்டும். சந்தேகத்துக்கெல்லாம் வெட்ட விடமாட்டேன். சம்மதப் பேப்பரைக் கிழிச்சுப் போட்டுட்டுத்தான் வாரேன்."

செல்கள் பெருகும்போது உண்டாகும் புரதம் இருக்கும் இடம் சாயம் ஏறிப் பழுப்பு நிறமாக மாறுவதுதான் அந்தச் சோதனை; புற்றுநோய் என்றால் பழுப்பு அதிகமாக இருக்கும். ஜெயக்கொடியின் சதையோடு, ஏற்கெனவே புற்றுநோய் என்று உறுதியான வேறொரு சதையையும் ஒப்பிடுவதற்காகப் பிருந்தா சோதித்தாள். முதல் தடவை இரண்டிலுமே நிறம் ஏறவில்லை.

"உன் ஆளுக்குப் பழுப்பு வரலையே. புத்து இல்லைன்னு எழுதிடேன்" என்று ஹாலாஸ்யம் சிரித்தார்.

"புத்துச் சதையிலயே வரலை சார். சாய மருந்து கெட்டுப்போச்சு. எனக்குச் சாதகமா இருக்குன்னு பொய் எழுத மாட்டேன்."

புதிய மருந்து வாங்கி மறுபடியும் செய்தாள். இம்முறை புற்றுநோய்ச் சதையில் செல்கள் பெருகுவதைக் காட்டும் புரதம் எங்கும் பழுப்பாக அப்பியிருந்தது. ஜெயக்கொடியின் சதையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில புள்ளிகள்தான். மிச்சமிருந்த சதையையும் ஒன்றுவிடாமல் மெல்லிசாகச் சீவி, கண்ணாடி ஸ்லைடுகளில் வைத்துப் பார்த்தாள். அதிலும் புற்றுநோய்க்கான அடையாளம் கிடைக்கவில்லை. "புற்றுநோய் அல்ல, சுரப்பித் தன்மையுள்ள நீர்க்கட்டி. திரும்ப வரலாம், கண்காணிக்க வேண்டும்" என்று எழுதிக் கையெழுத்திட்டாள். ஹாலாஸ்யம் அதில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

அறுவை டாக்டர் ஸ்லைடுகளைத் தானே பார்த்துவிட்டு, கட்டியையும் அதைச் சுற்றியிருந்த கொஞ்சம் எலும்பையும் மட்டும் எடுத்தார். மூன்று பற்கள் போயின. தாடை நின்றது. முழுக் கட்டியைச் சோதித்தபோதும் அதே முடிவுதான்.

அதன் பிறகு ஆறு மாதம் பிருந்தாவுக்கு ஒரு ஸ்லைடும் தரவில்லை. ரிஜிஸ்டர் எழுதச் சொன்னார்கள். எழுதினாள். தினமும் காலையில் ஹாலாஸ்யத்தின் மேஜைக்கு முன்னால் போய், "இன்னைக்கு ஸ்லைடு உண்டா சார்?" என்று கேட்டாள். ஏழாவது மாதம் அவர் ஸ்லைடுகள் இருந்த தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

மறுவருடம் ஜெயக்கொடி பரிசோதனைக்கு வந்தாள். எக்ஸ்ரேயில் பள்ளமிருந்த இடத்தில் புது எலும்பு வளர்ந்திருந்தது.

"தாடையை எடுக்கச் சொன்ன அந்தப் பெரிய டாக்டர் ரூம் எங்கிட்டு இருக்கு?"

"எதுக்கு?"

"வாயைத் தொறந்து அவருகிட்டக் காட்டிட்டுப் போறேன்."

பிருந்தா அவளைத் தடுக்கவில்லை. வலப்பக்கம் மூன்றாவது கதவு என்று கையைக் காட்டினாள்.