காஸ்டிக் சோடா குடித்த மூச்சு

எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் மூடி போட்ட கண்ணாடிக் கலம் ஒன்று உண்டு. அடியில் காஸ்டிக் சோடாக் கரைசல், மேலே கரியமில வாயு. கலக்கி என்ற துடுப்பு மெல்லச் சுற்றும்; கரைசல் வாயுவைக் குடிக்கும். எவ்வளவு வேகமாகக் குடிக்கிறது என்பதைப் பக்கத்துக் குழாயில் நகரும் சோப்புப் படலம் காட்டிக்கொடுக்கும்.

பேராசிரியர் தொமினிக் கருவிகளை நம்பமாட்டார். கசிவு இருக்கிறதா என்று ரப்பர் குழாயில் வாயால் ஊதித்தான் பார்ப்பார். ஏப்ரலில் ஒரு நாள் அப்படி ஊதினார், குழாயைக் கிளிப்பால் இறுக்கினார், அடுத்த மூச்சை எடுக்கவில்லை. அடக்கம் முடிந்தது. கிளிப்பைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை.

ஜூனில் அவர் மகள் அனைஸ் வந்தாள். முனைவர் பட்டத்துக்குக் கடைசி அளவீடுகள் பாக்கி. வெள்ளிக்கிழமைக்குள் முடிக்காவிட்டால் பதிவு ரத்து. இருப்பதோ அந்த ஒரு கலம்.

"மாமா, இதப் பாருங்க," என்று ஆய்வக உதவியாளனான என்னைக் கூப்பிட்டாள்.

கலத்தில் சொட்டுக் கரைசல் இல்லை. கலக்கி ஓடவில்லை. சோப்புப் படலம் ஏறியது, இறங்கியது. மறுபடி ஏறியது. நடுவில் ஒரு குலுக்கல்.

"கசிவா இருக்கும்," என்றேன்.

"கசிவு இருமாது மாமா. பப்பா இருமல் எனக்குத் தெரியாதா?"

கலத்தைக் காலி செய்யாமல் அளவெடுக்க முடியாது. காலி செய்தால் அவர் போய்விடுவார்.

"ஜன்னலத் தொறந்து வுட்டா?" என்றாள்.

"காத்து மேற்கப் பாத்து அடிக்குது. கோரிமேடு பார்டர் தாண்டி தமிழ்நாட்டுக்குப் போயிடுவாரு. பிரெஞ்சு பாஸ்போர்ட்ட வெச்சிக்கினு அங்க இன்னா பண்ணுவாரு?"

வியாழன் மதியம்வரை படலத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, வெளிக்காற்று புகாதபடி கலத்துக்குள் காஸ்டிக்கை இறக்கி, கலக்கியை ஓடவிட்டாள். படலத்தின் ஏற்றம் குறைந்துகொண்டே வந்து, ஓரிடத்தில் நின்றது. அந்தக் கரைசலைப் புட்டியில் பிடித்து மூடினாள். புதுக் கரைசல் ஊற்றி அளவெடுத்தாள். பட்டம் கிடைத்தது.

புட்டி இப்போது முதலியார்பேட்டை வீட்டில், அவள் அம்மா மர்த்திடம் இருக்கிறது. வேதியியல் படித்த யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்: காரம் குடித்த கரியமில வாயுவை அமிலம் வெளியே துரத்தும். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் மர்த் ஒரு கரண்டிக் கரைசலில் எலுமிச்சம்பழம் பிழிவார். அது பொங்கும்.

"இன்னா மிசியே, சொல்லாம கொள்ளாம போயிட்டீங்க?" என்று நுரையைப் பார்த்துக் கணவரைத் திட்டுவார்.

போன வாரம் நானும் இருந்தேன். நுரைக்குள் யாரோ பெருமூச்சு விட்டார்கள். மர்த் திட்டி முடிப்பதற்குள் அடங்கிவிட்டது.

"மம்மா, புட்டில கொஞ்சந்தான் இருக்கு," என்றாள் அனைஸ்.

மர்த் மூடியை இறுக்கினார்.

"அப்ப அடுத்த வாரம் திட்டல. அவரு பேசட்டும்."