கார் வராத தேர்தல்

இந்த நாட்டில் சட்டம் போடுகிறவர்கள் என்னைக் கேட்டுப் போடுவதில்லை. கேட்டிருந்தால், மற்றதையெல்லாம் போடுங்கள், இந்த ஒன்றை மட்டும் விட்டுவிடுங்கள் என்று சொல்லியிருப்பேன். ஊர்க் கவுன்சில் தேர்தலில் எல்லோரும் கட்டாயம் வாக்குப் போடவேண்டும், போடாவிட்டால் அபராதம் என்று எழுபத்தேழில் வந்த சட்டத்தைத்தான் சொல்கிறேன்.

அதற்கு முந்திய தேர்தல் எழுபத்துநாலில். அப்போது விரும்பினால் வாக்குப் போடலாம், விரும்பாவிட்டால் வீட்டில் படுக்கலாம். நகரத்தின் ஓரத்தில் இருக்கும் எங்கள் குவேக்கர்ஸ் ஹில் சனத்துக்குப் படுப்பதில்தான் விருப்பம். அதனால் தேர்தலில் நின்றவர்கள் காரை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், கெஞ்சிக் கூத்தாடி ஆட்களை ஏற்றிக்கொண்டு போகவேண்டியிருந்தது. என் வீட்டுக் கதவைத் தட்டியவள் மிஸஸ் கிளெம்.

என் கணவர் கணேசலிங்கம் மாரடைப்பில் போய் அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை. ரயில்வேயில் வேலை கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மனிதர், மலிவு என்று இந்தப் புல்வெளிக்கு நடுவில் ஒரு வீட்டை வாங்கி, என்னை அதற்குள் வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகளும் இல்லை. துக்கம் விசாரிக்க வந்த தமிழ்ச் சனம் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியோடு வரவை நிறுத்திக்கொண்டது. அவர்களையும் குறை சொல்லமுடியாது. அவர்கள் இருக்கும் ஹோம்புஷிலிருந்து ரயிலேறி வந்து, ஸ்டேஷனிலிருந்து சேற்றில் நடந்து வர யாருக்கு மனம் வரும்? அக்கம்பக்கத்து வெள்ளைக்காரர் தூரத்தில் நின்று கையை ஆட்டுவார்கள். கை ஆட்டுவதில் இவர்களை மிஞ்ச ஆளில்லை.

மிஸஸ் கிளெம் உள்ளே வந்தாள். குசினிக் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். நான் சேலை மாற்றி வருவதற்குள், ஹோம்புஷ் சினேகிதி யோகா கொடுத்துவிட்டிருந்த பயத்தம்பணியாரத்தில் மூன்றைத் தின்று முடித்திருந்தாள். சுவரில் இருந்த படம் யாருடையது என்று கேட்டாள். சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள், வெகுநேரம் விடவில்லை. அவள் காரில் போய் வாக்குப் போட்டுத் திரும்பிய பிறகும் உள்ளே வந்து தேத்தண்ணி குடித்தாள். இந்தத் தெருவுக்கு நடைபாதை போட்டுத் தருவேன் என்று வாசலில் நின்று சொன்னாள். வென்றும் விட்டாள்.

பிறகு மூன்று வருடம் நடைபாதையும் வரவில்லை, அவளும் வரவில்லை. நான் பரமட்டாவில் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே மெஷின் போடும் சத்தத்தில் மனிதர் வாய் திறப்பதில்லை. வீட்டுக்கு வந்தால் அங்கேயும் பேச்சில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு நடைபாதை பெரிய காரியமில்லை. அடுத்த தேர்தலுக்கு அவள் கார் கொண்டு வருவாள், அப்போது இருத்திவைத்து நன்றாகச் சண்டை பிடிக்கலாம் என்று அதைப் பத்திரமாக வைத்திருந்தேன். படுக்கைவிரிப்புகளை மடிக்கும்போது அந்தச் சண்டையை இங்கிலீஷில் சொல்லிச் சொல்லிப் பார்ப்பேன்.

எழுபத்தேழில் மாநில அரசாங்கம் இன்னொன்றும் செய்தது. கவுன்சில் இனித் தன் எண்ணத்துக்குச் சோலைவரியை, அதுதான் வீட்டுவரியை, ஏற்றமுடியாது, அரசாங்கம் சொல்லும் அளவோடு நிற்கவேண்டும். வீட்டுக்காரர்களுக்கெல்லாம் வாயெல்லாம் பல். எனக்கும் சந்தோஷம்தான், ஒற்றைச் சம்பளத்தில் வரி கட்டுகிறவள் இல்லையா. ஆனால் பிறகு வந்த உள்ளூர்ப் பத்திரிகையில், கையில் காசு போதாது என்று கவுன்சில் வெட்டிய வேலைகளைப் போட்டிருந்தார்கள். எங்கள் தெரு நடைபாதையும் அதில் இருந்தது. சண்டைக்கு இதைவிட நல்ல சாட்டு வேண்டுமா? மிஸஸ் கிளெம் திரும்பவும் நிற்கிறாள் என்றும் அதே பத்திரிகையில் இருந்தது.

தேர்தல் சனிக்கிழமை விடிய எழும்பிப் பயத்தம்பணியாரம் சுட்டேன். தலைக்குக் குளித்துப் பட்டுச் சேலை உடுத்தினேன். யோகா ஹோம்புஷிலிருந்து போன் எடுத்தாள்.

"பாமாக்கா, என்ரை மனுசன் சிறி காரிலை வாறார். உங்களை வோட்டுப் போடப் பண்ணிப்போட்டு இஞ்சை கூட்டிக்கொண்டு வரட்டாம். இரவு சாப்பிட்டுட்டுப் போகலாம்."

"வேண்டாம் பிள்ளை. எனக்குக் கார் வரும்."

"ஆற்றை கார்?"

வரும் என்று சொல்லிப் போனை வைத்தேன். வாக்குப் போடாதவர்களை விடமாட்டார்களாம், ஏன் போடவில்லை என்று விசாரிப்பார்களாம் என்று அவள் முதலே எனக்குச் சொல்லிப் பயம் காட்டியிருந்தாள்.

தெருவில் கார்கள் போய்க்கொண்டே இருந்தன. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் குடும்பம் குடும்பமாகத் தாங்களே ஏறிப் போனார்கள். போன தேர்தலுக்குத் தலையணையை விட்டு எழும்பாத சனம். ஒவ்வொரு கார்ச் சத்தத்துக்கும் நான் கேத்திலை அடுப்பில் வைத்தேன், பிறகு இறக்கினேன். மத்தியானம் போனது. ஆறு மணிக்கு மூடிவிடுவார்கள் என்பதால், ஐந்தாகும்போது பணியாரத்தைப் பெட்டியில் போட்டுக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு சேற்றில் நடந்தேன்.

மிஸஸ் கிளெம் பள்ளிக்கூட வாசலில் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டு நின்றாள். என்னை மறந்திருப்பாள் என்று நினைத்தேன். மறக்கவில்லை. பெயர் வாயில் வராவிட்டாலும் ஆளைத் தெரிந்தது. கிட்ட வந்து கையைப் பிடித்தாள். அந்தப் பயற்றுப் பலகாரத்தை இன்னும் தன் மகளுக்குச் சொல்வதாகச் சொன்னாள். நடந்தா வந்தாய் என்று என் காலைப் பார்த்துப் பதறினாள். நான் கேட்டேவிட்டேன்.

"இந்த முறை ஏன் கார் கொண்டு வரவில்லை?"

"தேவையில்லையே, கண்ணே" என்று சிரித்தாள். "இப்போது சட்டமே எல்லோரையும் கூட்டி வந்துவிடுகிறது."

நடைபாதையைப் பற்றி நான் வாய் திறக்குமுன் அவளே சொல்லிவிட்டாள். அரசாங்கம் வரியைக் கட்டிப்போட்டதோடு தங்கள் கையையும் கட்டிப்போட்டுவிட்டதாம், தனக்கு வெட்கமாக இருக்கிறதாம். மூன்று வருடம் மனப்பாடம் செய்த சண்டை அரை நிமிடத்தில் முடிந்தது. எனக்குப் பின்னால் ஒரு குடும்பம் வந்து நின்றது. அவள் என் கையை விட்டுவிட்டு அவர்களுடைய கையைப் பிடித்தாள். அவளில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் எனக்கு அழுகையைக் கொண்டு வந்தது.

பணியாரப் பெட்டியை நான் வெளியே எடுக்கவில்லை. உள்ளே போய் வாக்கும் போடவில்லை. வந்த வழியே திரும்பி நடந்தேன். விசாரிப்பார்கள் என்றால் விசாரிக்கட்டும். விசாரிப்பதற்கு யாராவது ஒருவர் என் வீட்டுக்கு வரத்தானே வேண்டும். பயத்தம்பணியாரம் இரண்டு கிழமைக்கும் பழுதாகாது.

ஆள் வரவில்லை, கடிதம் வந்தது. வாக்குப் போடாததற்குக் காரணம் கேட்டிருந்தார்கள். கார் வரவில்லை என்று எழுதி அனுப்பினேன். அது போதிய காரணமில்லை, அபராதத்தைத் தபாலில் அனுப்பலாம் என்று இன்னொரு கடிதம் வந்தது. இரண்டையும் தபால்காரன் கேற்றுப் பெட்டிக்குள் போட்டுவிட்டுக் கையை ஆட்டிக்கொண்டு போனான்.

நான் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, அதே பட்டுச் சேலையை உடுத்திக்கொண்டு, காசைக் கட்ட நேரில் போனேன். கவுண்டரில் இருந்த பெட்டை கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, இவ்வளவு தூரம் வந்தீர்களே, இதைத் தபாலிலேயே அனுப்பியிருக்கலாமே என்றாள்.

தெரியும் என்றேன்.