முனை மழுங்கிய நட்சத்திரம்

நவம்பர் கடைசி வாரத்தில் லோர்னா நாற்காலி போட்டு ஏறி, ஃபிரிட்ஜின் மேலிருந்த தகர டப்பாவை இறக்கினாள். ஒரு காலத்தில் காபித்தூள் வந்த டப்பா. உள்ளே பதினோரு பிஸ்கட் அச்சுகள் இருந்தன. மணி, ஊசியிலை மரம், கையுறை, கலைமான், நட்சத்திரம் என்று ஒவ்வொன்றாக எடுத்துத் துணியால் துடைத்தாள். துரு இருக்கிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி அடுக்கினாள். பிறகு தொலைபேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

டப்பா அவளுடையதல்ல, மாமியார் மார்லிஸுடையது. ஏப்ரலில் லோர்னாவுக்கும் கர்ட்டுக்கும் விவாகரத்து ஆனதிலிருந்து மார்லிஸும் அவளுக்கு மாமியார் இல்லை. ஆனால் அந்த உறவுக்கு வேறு பெயர் எதுவும் அவளிடம் இல்லாததால் மனசுக்குள் பழையபடியே சொல்லிக்கொண்டிருந்தாள்.

பதினாறு வருடமாக டிசம்பர் முதல் சனிக்கிழமை மார்லிஸ் வீட்டில் கிறிஸ்துமஸ் பிஸ்கட் சுடுவார்கள். ஆண்கள் காலையிலேயே தூண்டிலோடு ஏரிக்குப் போய்விடுவார்கள். மாவு பிசைவதும் கடைசியில் ஐசிங் பூசுவதும் மார்லிஸ். கட்டையால் தேய்ப்பது கர்ட்டின் அக்கா ட்விலா. அச்சு வைத்து வெட்டி எடுப்பது லோர்னா. கலைமானின் கால்கள் தீக்குச்சி கனம்தான். வேறு யார் கை வைத்தாலும் முறிந்துவிடும். முறித்தவரே அதைத் தின்ன வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். ட்விலா தேய்த்த மாவை லோர்னா தட்டோடு பின்பக்கப் பனியில் பத்து நிமிடம் வைத்து இறுகவிட்டு, அச்சை உலர்ந்த மாவில் தொட்டு அழுத்தி, மெல்லிய கத்தியால் ஏந்தி எடுப்பாள். பதினாறு வருடத்தில் அவள் தின்ன நேர்ந்தது இரண்டே கலைமான்.

டப்பா அவளிடம் வந்ததற்குக் காரணம் மார்லிஸ் வீட்டு நிலவறையின் ஈரம். ஒரு வருடம் அச்சுகளில் துரு ஏறிவிட்டது. அன்று பாத்திரம் கழுவிய லோர்னா, நான் கொண்டுபோய்க் காயவைத்து எடுத்து வருகிறேன் என்றாள். அப்படியே அவள் வீட்டில் தங்கிப்போனது. அதிலிருந்து ஒவ்வொரு நவம்பர் கடைசியிலும் மார்லிஸ் ஃபோன் செய்வாள். "டப்பா பத்திரமா இருக்கா?" இருக்கு என்பாள் லோர்னா. சரி என்று வைத்துவிடுவாள். அழைப்பென்றால் அவ்வளவுதான். அமெரிக்காவின் வடக்கே மினசோட்டாவில், அதுவும் அந்த ஏரிக்கரை ஊரில், வா என்று வாய்விட்டுக் கூப்பிடுவதும் எனக்கு வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்பதும் கிட்டத்தட்ட அநாகரிகம்.

அந்த வாரம் ஃபோன் வரவில்லை.

சனிக்கிழமை காலையில், மாவு கொட்டினால் கவலையில்லாத பழைய சட்டையைப் போட்டுக்கொண்டாள். பதினோரு மணிக்கு அதைக் கழற்றிவிட்டு வேறொன்று போட்டாள். இரண்டு மணிக்குக் கடைக்குப் போகிறேன் என்று தனக்கே சொல்லிக்கொண்டு, கடை இல்லாத திசையில் காரை ஓட்டினாள். மார்லிஸ் வீட்டு வாசலில் மூன்று கார்கள். பக்கச் சந்தில் வேகத்தைக் குறைத்தபோது பின்பக்கப் படிகளின் பனியில் இரண்டு தட்டுகள் தெரிந்தன. மாவை இறுகவைக்கும் அந்த யோசனை அவளுடையது. அவள் நிற்கவில்லை.

அச்சு இல்லாமல் என்ன செய்திருப்பார்கள்? வீட்டுக்கு வந்து நெடுநேரம் அதையே யோசித்தாள். வேர்க்கடலை உருண்டை பிடித்திருக்கலாம். அச்சு பிஸ்கட்டை அடுத்த வாரத்துக்குத் தள்ளியிருக்கலாம். டப்பா இங்கே இருக்கும்வரை அவர்கள் கேட்டுத்தானே ஆகவேண்டும்? அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையை ஓட்டினாள்.

திங்கட்கிழமை அவள் வேலை பார்க்கும் பல் மருத்துவமனைக்கு ட்விலா வந்தாள். ஆறு மாதத்துக்கு முன்பே குறித்துவைத்த நேரம், மாற்றியிருக்க முடியாது. வரவேற்பு மேசைக்கு இந்தப் பக்கம் லோர்னா, அந்தப் பக்கம் ட்விலா. வெளியே குளிர் எத்தனை டிகிரி, நெடுஞ்சாலையில் பனி வழித்துவிட்டார்களா என்று இருவரும் மிகுந்த அக்கறையோடு பேசிக்கொண்டார்கள். பிறகு ட்விலா பையிலிருந்து பிளாஸ்டிக் தாள் சுற்றிய ஒரு தட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இங்க எல்லாருக்கும்னு கொண்டாந்தேன்," என்றாள். "நீயும் எடுத்துக்கோ லோர்னா. கலைமானை மட்டும் தொடாத, அது கழுதை மாதிரி இருக்கு."

லோர்னா சிரித்தாள். ட்விலா உள்ளே போன பிறகுதான் தட்டைச் சரியாகப் பார்த்தாள்.

அது காகிதத் தட்டு. அந்த ஊரில் தபால்காரருக்கும் பனி வழிக்கிறவருக்கும் பல் டாக்டருக்கும் கிறிஸ்துமஸ் பிஸ்கட் காகிதத் தட்டில்தான் போகும். தின்றுவிட்டுத் தட்டை எறியலாம், கணக்கு தீர்ந்தது. சொந்தக்காரர்களுக்கும் மனசுக்கு நெருங்கினவர்களுக்கும் பீங்கான் தட்டு. அதைத் திருப்பிக் கொடுக்க ஒருநாள் வந்தாக வேண்டும். வெறும் தட்டாகவும் கொண்டுவரக் கூடாது.

பிளாஸ்டிக் தாளுக்கு உள்ளே மேலாக ஒரு நட்சத்திரம் இருந்தது. அதன் ஐந்து முனைகளும் கூர்மையாக இருந்தன.

டப்பாவில் இருக்கும் நட்சத்திரத்துக்கு நாலு முனைதான் கூர். ஏழு வயதில் கர்ட் பனிச்சறுக்குக் காலணியோடு அதை மிதித்து ஒரு முனையை நசுக்கிவிட்டான். மார்லிஸ் வேறு வாங்கவில்லை. அந்த வீட்டு நட்சத்திரம் எங்கே போனாலும் ஒரு முனை மழுங்கித்தான் போகும். ஊரில் பாதிப் பேருக்கு அதை வைத்தே யார் வீட்டுப் பிஸ்கட் என்று தெரியும்.

ஆக, புது அச்சு வாங்கிவிட்டார்கள். அவளிடம் கேட்பதைவிட வாங்கிவிடுவது சுலபமாக இருந்திருக்கிறது. மதியம்வரை தட்டு அங்கேயே இருந்தது. எல்லோரும் ஆளுக்கொன்று எடுத்தார்கள். லோர்னா எடுக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவள் தன் சமையலறையில் தனியாக மாவு பிசைந்தாள். வெண்ணெய், சர்க்கரை, முட்டை, மைதா, கொஞ்சம் ஜாதிக்காய். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. கலைமான்கள் பன்னிரண்டும் நாலு காலோடு வந்தன. பார்க்கத்தான் ஆளில்லை. வழக்கமாக அப்போது ட்விலா தலையைச் சாய்த்து, "பாரு, ஆபரேஷன் டாக்டரம்மா," என்பாள். லோர்னா ரேடியோவைப் போட்டாள். அதில் கிறிஸ்துமஸ் பாட்டு வந்ததும் அணைத்துவிட்டாள்.

ஐசிங்கில்தான் சிக்கல். பதினாறு வருடமாகப் பக்கத்தில் நின்றும் அவள் அதைக் கவனித்ததே இல்லை. பொடித்த சர்க்கரையில் பால் ஊற்றிக் கலக்குவது தெரியும். எவ்வளவு என்பது மார்லிஸின் கைக்குத்தான் தெரியும். மணிக்குப் பூசிய சிவப்பு ஓரம் தாண்டி வழிந்தது. வெள்ளையின்மேல் பச்சை ஊறிப் பாசி பிடித்த மாதிரி ஆனது. ஒரு நிறம் காய்ந்தால்தான் அடுத்தது பூச முடியும். மார்லிஸ் வீட்டில் அந்த நேரம் போவதே தெரியாது. யார் வீட்டில் யாருக்குப் பேச்சில்லை, யார் புது லாரி வாங்கினான் என்று பேசி முடிப்பதற்குள் காய்ந்துவிடும். இங்கே அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பிஸ்கட்கள் காய்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெள்ளைக்குப் பிறகு சிவப்பு. சிவப்புக்குப் பிறகு பச்சை. ஒரு வீடு இவ்வளவு சத்தமில்லாமல் இருக்க முடியும் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

மூன்று மணிக்கு அலமாரியிலிருந்து பச்சை ஓரம் போட்ட பீங்கான் தட்டுகள் எட்டில் ஒன்றை எடுத்து, வழியாதவையாகப் பொறுக்கி அடுக்கினாள். தட்டோடு டப்பாவையும் எடுத்துக்கொண்டு காரில் ஏறினாள். போய்ச் சொல்ல வேண்டியதை வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாள். இந்தாங்க உங்க டப்பா, பத்திரமா இருக்கு. அவ்வளவுதான். திரும்பிவிட வேண்டும்.

மார்லிஸ் கதவைத் திறந்தாள். எழுபத்தொரு வயது, நெட்டை உருவம், மூக்கு நுனியில் கண்ணாடி. அவள் பார்வை தட்டுக்குப் போகவில்லை. நேராக டப்பாவில் விழுந்தது. முகம் சட்டென்று வாடியது.

காபி குடிக்கிறாயா என்று கேட்டாள். வேண்டாம் என்றாள் லோர்னா. ஏற்கெனவே போட்டது இருக்கிறது என்றாள். சிரமம் எதற்கு என்றாள் இவள். கொட்டத்தான் போகிறேன் என்றாள் அவள். அப்படியானால் சரி என்று லோர்னா காலணியைக் கழற்றினாள்.

சமையலறை மேசையில் டப்பா இருவருக்கும் நடுவில் இருந்தது.

"அத எதுக்குத் தூக்கிட்டு வந்த?" என்றாள் மார்லிஸ்.

"உங்களுதுதானே. கேப்பீங்கன்னு பாத்தேன்."

"எப்பிடிக் கேப்பேன்? படகு எனக்கு, ஏரியில மீன்பிடிக்கிற குடிசை எனக்குன்னு உன்கிட்ட ஒவ்வொண்ணா கேட்டு வாங்கிட்டுப் போனான் என் புள்ள. அதுக்கு மேல நானும் தகர அச்சு எங்களுதுன்னு வந்து நிக்கவா? அப்புறம் என் மூஞ்சிய நீ பாப்பியா?" அவள் காபியைத் தள்ளிவைத்தாள். "ட்விலா போயி பிளாஸ்டிக்ல ஒண்ண வாங்கிட்டு வந்தா. மாவு உள்ளயே ஒட்டிக்குது. பாதிக் கலைமானுக்குக் காலே இல்ல. முறிஞ்சது அத்தனையையும் அவதான் தின்னா. மூணு நாள் வயித்து வலி."

லோர்னாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டால் வந்த காரியம் கெட்டுவிடும் என்று அடக்கிக்கொண்டாள்.

"நீங்க கேக்கலன்னதும் நான் வேற மாதிரி நெனச்சேன்," என்றாள்.

மார்லிஸ் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக்காரர் பனியை வாரிக் கொட்டும் சத்தம் கேட்டது.

"தப்பா ஒண்ணும் நெனைக்கல நீ," என்றாள். "அதுவும் இருந்துச்சு. இந்த வருஷம் நீ இல்லாம இருந்தா எல்லாருக்கும் சுலபம்னு எனக்குத் தோணுச்சு. சுலபமாத்தான் இருந்துச்சு." கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். "நல்லா இல்ல."

கிறிஸ்துமஸுக்குக் கர்ட் வருகிறான் என்று பிறகு சொன்னாள். தனியாக வரவில்லை. தெரியும் என்றாள் லோர்னா. அதனால் அன்றைக்கு, என்று மார்லிஸ் ஆரம்பித்தாள். புரிகிறது என்று லோர்னா முடித்துவைத்தாள்.

மார்லிஸ் தட்டிலிருந்து ஒரு மணியை எடுத்துக் கடித்து, மெதுவாக மென்றாள்.

"பால் ஜாஸ்தி."

"தெரியும்."

"ஐசிங் ஸ்பூன்லேருந்து கோடா விழறப்ப எட்டு எண்ணணும். அதுக்குள்ள கோடு மறைஞ்சா தண்ணி. இத்தன வருஷம் பக்கத்துலதானே நின்ன?"

"நீங்க பேசுறதக் கேட்டுக்கிட்டு நின்னேன்."

மார்லிஸ் டப்பாவைத் திறந்தாள். நட்சத்திரத்தை எடுத்து, மழுங்கிய முனையைக் கட்டைவிரலால் இரண்டு முறை தடவினாள். எடுத்து வைத்துக்கொள்ளப் போகிறாள் என்றுதான் லோர்னா நினைத்தாள். ஆனால் அவள் அதை உள்ளே போட்டு மூடியை அழுத்தி, டப்பாவை லோர்னா பக்கம் நகர்த்தினாள்.

"எங்க நிலவறை இப்பவும் ஈரம்தான்," என்றாள்.

லோர்னா கோட்டைப் போட்டுக்கொண்டாள். வாசலில் மார்லிஸ், ரோடு வழுக்கும், பார்த்துப் போ என்றாள். அடுத்த வருடத்தைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. லோர்னாவும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது நாலரைதான், அதற்குள் இருட்டிவிட்டது. சமையலறையில் ஜாதிக்காய் வாசம் இன்னும் இருந்தது. மேசைமேல் வழிந்துபோன மணிகளும் பாசி பிடித்த மரங்களும் வரிசையாகக் கிடந்தன. டப்பாவை ஃபிரிட்ஜின் மேல் அதன் இடத்தில் வைத்தாள். ராத்திரிக்குச் சூப் சுடவைத்துவிட்டுத் தட்டு எடுக்க அலமாரியைத் திறந்தாள். ஏழு தட்டுகள் இருந்தன.

மேலாக இருந்த தட்டை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, மிச்சம் ஆறையும் கொஞ்சம் ஓரமாக நகர்த்தி, வரவேண்டிய ஒன்றுக்கு இடம் விட்டு வைத்தாள். பிறகு தனியாக உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள்.