கேக்குக்குக் கட்டிய பெல்ட்

மோக்கா ஊரில் தோமசினாவை எல்லோரும் "நிலச்சரிவு" என்றுதான் கூப்பிடுவார்கள். போன ஆண்டு அவள் செய்த கல்யாணக் கேக், மலைச்சாலை வளைவில் சரிந்து மணப்பெண்ணின் அத்தை மடியில் போய் உட்கார்ந்துகொண்டது. பிறகு ஒருவரும் அவளிடம் கல்யாணக் கேக் கேட்கவில்லை. இப்போதுதான், பாவம், பக்கத்து ஊர் சால்செதோவிலிருந்து ஓர் ஆர்டர். மூன்றடுக்கு, மேலே முட்டைவெள்ளை நுரை. நிமிர்ந்தபடி போய்ச் சேர்ந்தால் அந்தப் பெயர் ஒழியும். சரிந்தால் சாகும்வரை நிலச்சரிவுதான்.

நிகனோரின் ஷேர் டாக்சியில் முன்சீட்டில் இரண்டு பேரை நெருக்கி உட்காரவைப்பது வழக்கம். தோமசினா அந்த இரண்டு இடத்தையும் பிடித்து, மூடியில்லாத அட்டைப்பெட்டியில் கேக்கை வைத்தாள். கட்டிவைக்கப் பெல்ட்? அந்தச் சீட்டில் அது இருந்ததாக நிகனோருக்கே நினைவில்லை. அவனிடம் இருந்ததும் ஓர் அறுந்த துண்டுதான். போலீசைக் கண்டால் தோளில் போட்டு, நுனியைத் தொடைக்கடியில் செருகிக்கொள்வான். அதைப் பிடுங்கி, பெட்டியைச் சீட்டோடு சேர்த்துக் கட்டிவிட்டுப் பின்சீட்டில் ஏறினாள் தோமசினா.

பாலத்தருகே சார்ஜென்ட் யோகாஸ்தா கையைக் காட்டினாள். நிகனோரின் கை பழக்கத்தில் தோளுக்குப் போய், வெறும் சட்டையைத் தடவியது.

"பெல்ட் எங்கப்பா?"

"கேக் போட்டிருக்கு, கமாண்டர்."

"ஓட்டுறது கேக்கா?"

"இல்லீங்க. ஆனா அடிபட்டா அதுதான் அதிகமா நசுங்கும்."

"முன்சீட்டுல இருக்கிற எல்லாரும் போடணும். கிளிக்னு மாட்டியிருக்கணும். சும்மா மேல போட்டுக்கிட்டா அது பெல்ட் இல்ல, துண்டு. எங்க, இதோட கிளிக்கைப் பாக்கலாம்." கதவைத் திறந்து பட்டையை இழுத்தாள்.

"ஐயோ, இழுக்காதீங்கம்மா!" என்று தோமசினா அலறுவதற்குள் பட்டை முழுசாகக் கையோடு வந்துவிட்டது. பெட்டி வெளிப்பக்கம் சாய்ந்தது. சார்ஜென்ட் இரண்டு கையாலும் மேலடுக்கைத் தாங்கினாள். பத்து விரலும் நுரைக்குள்.

"அசையாதீங்க! இப்ப விரலை எடுத்தா மேலடுக்கும் கூடவே வந்துரும். நனைச்ச கத்தியாலதான் பிரிக்கணும், கத்தி கல்யாண வீட்டுல இருக்கு."

"எனக்கு ட்யூட்டி இருக்கும்மா! அபராதச் சீட்டு எழுதணும்!"

"எந்தக் கையால எழுதுவீங்க?" என்றான் நிகனோர்.

வெயிலில் நுரை இளகத் தொடங்கியது. சார்ஜென்ட் பல்லைக் கடித்துக்கொண்டு கேக்கின் பக்கத்தில் ஒண்டி உட்கார்ந்தாள். தோமசினா கதவைச் சாத்தினாள்.

சால்செதோ எல்லையில் இன்னொரு சோதனை. அங்கே நின்ற போலீஸ்காரன் வில்கின், சார்ஜென்ட்டின் கீழ் வேலை பார்ப்பவன். குனிந்து பார்த்தவனுக்கு வியர்த்துவிட்டது.

"மேடம்... பெல்ட்?"

"டேய், கண்ணு தெரியலயா? கையில என்ன இருக்குன்னு பாரு!"

"தெரியுது மேடம். காலையில நீங்கதான சொன்னீங்க, பெத்த தாயா இருந்தாலும் எழுதுன்னு."

சார்ஜென்ட் கண்ணை மூடிக்கொண்டாள்.

"எழுதித் தொலை. ஓட்டுறவனுக்கும் ஒண்ணு எழுது. சீக்கிரம், உருகுது!"

கேக் கல்யாண வீட்டுக்குள் நிமிர்ந்தபடியே நுழைந்தது. தோமசினா கத்தியை நனைத்து, விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தாள். மேலடுக்கைச் சுற்றிப் பத்துக் குழிகள். மணப்பெண்ணின் அம்மா குனிந்து உற்றுப் பார்த்தாள்.

"அடடே, இதழ் இதழா என்ன அழகு! இதை எப்படிம்மா செஞ்சே?"

"அதுக்குன்னே ஆள் வச்சிருக்கேன்," என்றாள் தோமசினா.

அந்த மாதம் அவளுக்கு நான்கு கல்யாண ஆர்டர்கள் வந்தன. எல்லோருக்கும் அதே பத்து இதழ் வேண்டுமாம். இப்போது யாரும் அவளை நிலச்சரிவு என்பதில்லை. சார்ஜென்ட் யோகாஸ்தாவைத்தான் ஊரே "நுரை" என்கிறது, அவள் காதில் விழாத தூரத்தில் நின்றுகொண்டு. நிகனோர் இரண்டு புதுப் பெல்ட் போட்டுவிட்டான். கிளிக் என்று மாட்டுகிற பெல்ட். ஒன்று அவனுக்கு, ஒன்று கேக்குக்கு.