கோட்டுக்குள் இருபது நிமிடம்

…அசையக் கூடாது என்றால் மூச்சும் விடக் கூடாதா, அதைக் கேட்க மறந்துபோனது, இனிக் கேட்கவும் முடியாது, மடிக்கணினித் திரையில் நேர்முகம் எடுக்கிற ஜப்பானிய அம்மா வந்துவிட்டார், நரைத்த தலை, கறுப்புச் சட்டை, டோக்கியோவில் காலை ஒன்பது மணியாம், இங்கே லிட்கம்மில் பதினொன்று, சனிக்கிழமை, வழமையாக விக்னராஜா இந்த நேரம் மரக்கறி வாங்கப் போயிருப்பார், இன்றைக்கு மகள் தைத்த சாம்பல் நிறக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஹோலின் நடுவில் நட்டுவைத்த மாதிரி நிற்கிறார். காலையில்தான் கொண்டுவந்து நீட்டினாள் நிரூபா. "போடுங்கோ அப்பா, ஜஸ்ட் ஸ்டாண்ட், ஒண்டும் கதைக்க வேண்டாம்." எனக்கா தைத்தாய் என்று கேட்க வாய் வரவில்லை, மூன்று மாதமாக அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தைத்தாள், அவர் எட்டிப் பார்க்கவில்லை, கோபம், பார்மசி இரண்டாம் வருடத்தை விட்டுவிட்டு உடுப்புத் தைக்கப் படிக்க ஜப்பானுக்குப் போகிறேன் என்றால் எந்தத் தகப்பனுக்குத்தான்… "தையலுக்கும் ஒரு யுனிவர்சிட்டியோ?" என்று கேட்டதுதான், அதோடு அவள் அவருடன் கதைப்பது குறைந்துபோயிற்று. வெளிநாட்டுப் பிள்ளைகளில் பன்னிரண்டு பேரைத்தான் எடுப்பார்கள், இன்றைய நேர்முகம்தான் முடிவு என்று மனைவி ரஞ்சினி சொல்லித்தான் தெரியும்.

இது யாருடைய குரல்… வீட்டில் ஓம், இல்லை, ஓகே என்று மூன்று சொல்லோடு முடிப்பவள், இப்போது தண்ணீர் ஓடுகிற மாதிரி ஜப்பானிய மொழியில் கதைக்கிறாள், எப்போது படித்தாள், ரயிலிலா, காதுக்குள் எந்நேரமும் செருகியிருந்ததில் ஓடியது பாட்டு இல்லையா, ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனாலும் அவருக்கு உடம்பு சிலிர்த்தது. அவரைத் திருப்பினாள், கையை உயர்த்தினாள், உள்துணியைக் கமராவுக்குக் காட்டினாள், ஒரு தையலும் கண்ணில் படவில்லை, கோட்டு இழுக்கவில்லை, தொங்கவில்லை, கடையில் வாங்கிய எந்தச் சட்டையும் அவர் மேல் இப்படி இருந்ததில்லை, அளவு எடுக்காமல் எப்படி… திடீரென்று அந்த அம்மா பேனாவால் திரையைச் சுட்டினார், முகம் இறுகியிருந்தது, ஏதோ கேட்டார், ஐயோ, பிழைத்துவிட்டதா, நான் அசைந்தேனா, கடவுளே, இவளை எடுக்கட்டும்… எடுக்கட்டும் என்றா நினைத்தேன்? நானா? அப்போது நிரூபாவின் கை அவருடைய வலது தோளில் வந்து இருந்தது. அந்தத் தோளில். பண்டகசாலையில் பெட்டி அடுக்கு சரிந்து விழுந்தபோது எலும்பு வெடித்தது, வேலை போய்விடும் என்று வேலையிடத்திலும் வீட்டிலும் சுளுக்கு என்றே சொன்னார், வளைந்தபடியே பொருந்திவிட்டது, பன்னிரண்டு வருடம், ரஞ்சினிக்கே தெரியாது, நிரூபாவுக்கு அப்போது ஏழு வயது. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக அவள் பேசினாள். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். கோட்டைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தார், நெடுநேரம், பிறகு தலை குனிந்து வணங்கினார், என்ன செய்வதென்று தெரியாமல் விக்னராஜாவும் குனிந்தார்.

திரை அணைந்தது. முடிவு இரண்டு கிழமையில் ஈமெயிலில் வருமாம். "அவ என்ன கேட்டவ?" என்றார். "வலது பக்கம் ஒரு இஞ்ச் கீழ வெட்டியிருக்கு, மிஸ்டேக்கோ எண்டு கேட்டா." "நீ?" "இல்லை, என்ர அப்பா அப்பிடித்தான் நிக்கிறவர், அவர் நேரா நிக்கோணும் எண்டு நான் நினைக்கேல்லை, கோட்டுத்தான் அவருக்கேத்த மாதிரி நிக்கோணும் எண்டு சொன்னன்." சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கோட்டின் விளிம்பில் நீண்டிருந்த ஒரு நூலைப் பிடித்துக் குனிந்தாள். சுளுக்கு என்று அவர் சொன்ன அன்றைக்கே தெரிந்திருக்குமோ, இத்தனை வருடமும் பார்த்துக்கொண்டே இருந்தாளா, போ பிள்ளை என்று சொல்ல வேண்டும், இப்போதே சொல்ல வேண்டும், டோக்கியோ என்ன, எங்கே வேண்டுமானாலும்… "போ பிள்ளை," என்றார், "அவையள் எடுக்காட்டி அடுத்த வருசமும் நான் வந்து நிக்கிறன்." அவள் நிமிரவில்லை, மூக்கை மட்டும் உறிஞ்சினாள், கத்தரிக்கோலை எடுத்து நூலை வெட்டினாள், இடது கையால். இடது கையாலா? எழுதுவது வலது கையால்தானே, சாப்பிடுவதும்… வெட்டுவது மட்டும் இடது கையா, எப்போதிருந்து, பத்தொன்பது வருடம் ஒரே வீட்டில், இவளை நான் என்ன பார்த்தேன்…