மணிமொழி வராத நாட்கள்

"பாதி நாளு நீ காலேஜிக்கே போவலியாமே, மணி?"

"யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்ல வாணாம், நானே பாத்தேன். ஆபீஸ்காரரு ரிஜிஸ்தரை எடுத்து எம்முன்னால வச்சிட்டாரு. உம்பேருக்கு நேரா ஒரே ஆப்செண்ட்டு. மார்க்கு வேற பாத்தேன். இங்கிலீஷ்ல கோட்டை வுட்டுட்டியே!"

"நீ யாருன்னு அவரு கேக்கலியா மாமா?"

"கேட்டாரே. கட்டிக்கப் போறவன்னேன். 'அப்ப ஒக்காருங்க மாப்ள'ன்னு டீ வாங்கிக் குடுத்தாரு."

சொல்லிவிட்டுத் தீனதயாளன் சிரித்தான். மோட்டார் கொட்டகை ஓரம், கரும்புக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்த சாயங்காலம் அது. மூன்று வருடம் ஆகியும் அந்தப் பேச்சில் ஒரு சொல்கூட மணிமொழிக்கு மறக்கவில்லை.

அவன் சந்தேகப்பட்டுப் போகவில்லை. அது அவளுக்கும் தெரியும். இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருடம் அது. சாலையில் மரங்கள் வெட்டிப் போடப்பட்டு, காலையில் போன பஸ் சாயங்காலம் திரும்புமா என்று யாராலும் சொல்ல முடியாமல் இருந்தது. பஸ் ஓட ஆரம்பித்த பிறகும் அவனுக்குப் பயம் தெளியவில்லை. அத்தை மகன், சின்ன வயதிலிருந்தே இவள்தான் என்று மனசில் எழுதி வைத்திருந்தவன். பயத்தில் ரிஷிவந்தியத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்குச் சைக்கிளை மிதித்தான். ஆபீஸ்காரரும் தப்பாக எதுவும் நினைக்கவில்லை. ஒரு பெண்ணைப் பற்றிக் கேட்க அப்பாவுக்கு உரிமை உண்டு, அண்ணனுக்கு உண்டு, அப்புறம் முறை மாப்பிள்ளைக்கு உண்டு. அடுத்த கட்டடத்தில் உட்கார்ந்து பாடம் கேட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்றுதான் இருவருக்கும் தோன்றவில்லை.

என்னைப் பற்றித் தெரியவேண்டுமென்றால் என்னைக் கேள் மாமா என்று அப்போதே சொல்ல வாயெடுத்தாள். சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி, அப்படியென்றால் எங்கே போனாய் என்பதாக இருந்திருக்கும். அதற்கு அவளால் பதில் சொல்ல முடியாது. அது செவ்வந்தியின் விஷயம்.

செவ்வந்தி கல்வராயன் மலைப் பெண். வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து இறங்கி வந்து, ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள். ஸ்காலர்ஷிப் வாங்குகிறவர்களின் பெயரைச் சாதியோடு சேர்த்து வகுப்பில் உரக்கப் படிப்பது அந்தக் கல்லூரியில் வழக்கம். மற்ற வருடங்களில் அது யார் காதிலும் ஏறாமல் போயிருக்கும். அந்த வருடம் ஏறியது.

"மலையிலேர்ந்து எறங்கி வந்தா போதும்டா, கெவர்மெண்டே காசு குடுக்குது. நாமதான் ரோட்டுல நின்னுக்கினு கத்தணும்" என்றான் கடைசி பெஞ்சுக்காரன் ஒருவன். வகுப்பே சிரித்தது. செவ்வந்தி மறுநாள் பெட்டியோடு பஸ் ஏறிவிட்டாள்.

மணிமொழி விடவில்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் கல்லூரிக்குப் போகாமல் மலை பஸ்ஸில் ஏறி, நோட்ஸ் கொண்டுபோய்க் கொடுத்து, கூட உட்கார்ந்து படித்துவிட்டு வருவாள். "நான் எதுக்கு வந்துட்டன்னு யார்கிட்டயும் சொல்லிடாத மணி. சொன்னா அதையும் கேட்டுச் சிரிப்பாங்க" என்று செவ்வந்தி கையைப் பிடித்துக்கொண்டு சத்தியம் வாங்கியிருந்தாள்.

தீனதயாளன் தான் பார்த்ததை அம்மாவிடம் மட்டும்தான் சொன்னான். அந்த ராணியம்மாள் தன் தம்பி, மணிமொழியின் அப்பா வீரமுத்துவிடம் சொல்லும்போது அதற்குக் கையும் காலும் முளைத்திருந்தன. வீரமுத்து மகளை அடிக்கவில்லை, அதட்டவில்லை. "படிச்சது போதும்மா" என்றார். அவ்வளவுதான். தை பிறந்ததும் கல்யாணம்.

தீனதயாளன் நல்ல புருஷன். சந்தைக்குப் போனால் பூ இல்லாமல் திரும்ப மாட்டான். அவளுக்குத் தலைவலி என்றால் அவனே அடுப்பில் வெந்நீர் வைப்பான். கல்யாணத்துக்குப் பிறகு அவள் அவனை 'நீங்க' என்று கூப்பிடப் பழகினாள். 'என்னைக் கேள்' என்று சொல்ல நினைத்தது மட்டும் சொல்லாமலே கிடந்தது. இப்படிப்பட்டவனிடம் போய் அதைச் சொன்னால் நன்றி கெட்டவளாகிவிடுவோமோ என்று ஒவ்வொரு முறையும் விழுங்கினாள்.

போன ஆடியில் கச்சிராயபாளையம் சந்தையில் செவ்வந்தியைப் பார்த்தாள். தலையில் மரவள்ளிக்கிழங்கு மூட்டை. பரீட்சை எழுதவே இல்லையாம்.

"நீ வருவன்னு பஸ்ஸு வர்ற நேரத்துக்கெல்லாம் வந்து நின்னுக்கினு இருந்தேன். கல்யாணம்னா ஒரு வார்த்தை சொல்லியனுப்பக் கூடாதாடி? விருந்துக்காவது வந்திருப்பேன்." செவ்வந்தி சிரித்தாள். மணிமொழிக்குச் சிரிக்க வரவில்லை.

"தபால்ல படிக்கலாமாம். நான் சேரப் போறேன். நீயும் சேருடி" என்றாள் மணிமொழி.

"மொதல்ல நீ காலேஜிக்குப் போய் உன் சர்டிபிகேட்ட வாங்கு. அப்புறம் எனக்கு வந்து சொல்லு, பாக்கலாம்."

வீட்டில் சொன்னதும் ராணியம்மாள் முகத்தைச் சுளித்தாள். "புள்ள பெக்கற வயசுல பரிச்ச எழுதப் போறாளாம்!"

"நீ சும்மா இரும்மா. அவ படிக்கட்டும்" என்றான் தீனதயாளன். "நானே கூட்டிக்கினு போறேன் மணி. காலேஜி ஆபீஸ்ல எனக்கு ஆளு தெரியும்."

அந்தக் கடைசி வார்த்தை அவளுக்குச் சுருக்கென்றது.

கல்லூரிக்குப் போனபோது அந்தத் தெரிந்த ஆள் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். அந்த நாற்காலியில் அய்யனார் என்ற புதியவர் இருந்தார். மேஜையில் கிடந்த பேப்பர் முழுக்க டில்லியில் நடக்கும் இடஒதுக்கீட்டுச் சண்டை. மணிமொழிதான் விவரம் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டு தீனதயாளனைப் பார்த்தார்.

"வூட்டம்மாங்களா சார்? ஒக்காருங்க. நீங்க ஏன்மா நிக்கறீங்க, அந்த பெஞ்சில போய் ஒக்காருங்க."

உள்ளே போய் அவளுடைய காகிதக் கட்டைத் தூசி தட்டி எடுத்து வந்தார். "சார், நீங்களே ஒருதரம் சரி பாத்துடுங்க. எத்தினி பேப்பர் பாக்கி, எத்தினி நாள் வரல, எல்லாம் இதுல இருக்குது." தீனதயாளன் முன்னால் வைத்தார்.

அதில் மறைக்க ஒன்றும் இல்லை. தோற்ற பாடமும் வராத நாளும்தான். அவன் முன்பே பார்த்தவை. அந்த நாட்களில் அவள் ஏறிய மலை பஸ்ஸோ, செவ்வந்தியின் முகமோ அந்தக் காகிதத்தில் இருக்கப் போவதில்லை. இருந்தும் அவனுடைய விரல் கட்டின் முடிச்சைத் தேடியபோது மணிமொழிக்குப் பொறுக்கவில்லை. இன்றும் வாயை மூடிக்கொண்டால் இனி எப்போதும் திறக்கப் போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. பெஞ்சிலிருந்து எழுந்து மேஜை அருகே வந்தாள்.

"மாமா."

அவன் நிமிர்ந்தான். அய்யனாரும் நிமிர்ந்தார்.

"அதைப் பிரிக்காதீங்க. எங்கிட்ட குடுத்துட்டு, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. என்னைப் பத்தி இன்னா தெரியணும்னாலும் என்னைக் கேளுங்க மாமா. என் காயிதத்தை இனிமே யார்கிட்டயும் வாங்கிப் பாக்காதீங்க."