பாவாயி சிரித்த வீடியோ

கருப்பண்ணன் செத்து நாலு மாதம்கூட ஆகாத நிலையில் பாவாயி தாயம் ஆட உட்கார்ந்தாள். உட்கார வைத்தவன் கதிர்வேல்.

வெண்ணந்தூரில் ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது. கதிர்வேல் தன் தறிப்பட்டறையில் நூல் மூட்டைகளை ஓரம் தள்ளிவிட்டு, சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டுத் தெருக்காரர்களைக் கூப்பிட ஆரம்பித்திருந்தான். பெரிய லட்சியமெல்லாம் கிடையாது. லீவு நாளில் ஆளுக்கொரு போனோடு மல்லாந்து கிடப்பதைப் பார்க்க எரிச்சலாக இருந்தது. அவனும் அப்படித்தான் கிடந்தான். ஒரு மூலையில் பல்லாங்குழி, இன்னொரு மூலையில் ஆடுபுலி. கூட்டம் என்னவோ தாயத்தில்தான்.

பாவாயி பக்கத்து வீடு. நாக்பூருக்கு லோடு ஏற்றிப் போன புருசன் கருப்பண்ணன் சவப்பெட்டியில் திரும்பினான். அதன் பிறகு மாமியார் ஆத்தாயியும் வீட்டிலிருந்த இரண்டு தறிகளும்தான் அவளுக்கு உலகம். வருசத் திதி முடியும்வரை அந்த வீட்டில் பண்டிகை இல்லை, பலகாரம் இல்லை, கல்யாணம் காட்சிக்குப் போவதில்லை. கதிர்வேலுக்கு இது தெரியாமல் இல்லை.

“இதென்ன கல்யாணமா, காதுகுத்தா? சும்மா வந்து உக்காருங்க்கா.”

“ஊரு சிரிக்கும் கதிரு.”

“நம்ம சனந்தானுங்க்கா. ஆரு பாக்கறா?”

முதல் வாரம் கதவோரம் உட்கார்ந்தாள். அடுத்த வாரம் அங்கிருந்தே, “அட அந்தக் காய உடு, பின்னாடி இருக்கறத நகத்து” என்று அதட்டினாள். அதற்கடுத்த வாரம், கருப்பண்ணன் லாரியில் வைத்திருந்த பித்தளைத் தாயக்கட்டைகளை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து கதிர்வேலுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

எதிராளியின் காய் ஒன்றையாவது வெட்டாமல் உள்கட்டத்துக்குள் போக முடியாது. வெட்டாதவர் வெளிச்சுற்றிலேயே சுற்ற வேண்டியதுதான். பாவாயியின் காய்கள் அன்று அப்படித்தான் சுற்றின. கதிர்வேலின் கடைசிக் காய் உள்ளே போகும் இடத்தில் நின்றது. அவள் கட்டைகளை உள்ளங்கையில் தேய்த்து உருட்டினாள். கேட்டது விழுந்தது. அவன் காயைத் தட்டிவிட்டுத் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள்.

“போடா, போயி மறுக்காத் தாயம் போட்டுட்டு வா!”

பட்டறையே கூடச் சிரித்தது. கதிர்வேலின் மனைவி சரிதா அதைப் போனில் வீடியோ எடுத்திருந்தாள். அன்று சாயங்காலம் அவன் அதை இணையத்தில் போடப் போனபோது அவள்தான் தடுத்தாள்.

“அக்கா மொகம் தெரியுதுங்க. ஒரு வார்த்த கேட்டுட்டுப் போடுங்க.”

“நல்லாத்தான இருக்குது” என்று சொல்லிப் போட்டுவிட்டான்.

திங்கட்கிழமை விடிந்தபோது, முன்பின் தெரியாதவர்களெல்லாம் வீடியோவுக்குக் கீழே பாட்டன் காலத்து ஆட்டம் திரும்பி வந்துவிட்டதாகப் புல்லரித்து எழுதியிருந்தார்கள். அவற்றுக்கு நடுவே ஒன்று: ‘இது கருப்பண்ணன் சம்சாரமல்ல? புருசன் செத்து வருசம் திரும்பல, அதுக்குள்ள சிரிப்பப் பாரு.’

வாயில் பிரஷ்ஷோடு படித்தான். அப்போதே வீடியோவை அங்கிருந்து எடுத்திருக்கலாம். எடுக்கப் போகும்போது போன் அடித்தது. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு குடியிருப்புச் சங்கத்துக்காரர். “உங்க வீடியோ பார்த்தோம் சார். எங்க குடியிருப்புலயும் ஒருநாள் வந்து நடத்தித் தரணும். இதையே எல்லாருக்கும் அனுப்பி ஆள் சேர்க்கறோம்.” அதுவரை அவனை யாரும் சார் என்றதில்லை. சாயங்காலம் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான். மத்தியானம் சாப்பிட்டான். கொஞ்சம் தூங்கினான். எழுந்து, இன்னும் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று பார்த்தான். பொழுது இறங்கும்போது எடுத்துவிட்டான். அதற்குள் அது பாவாயியின் சொந்தக்காரர்களின் போன்களில் ஏறி ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை பாவாயியின் அண்ணன், சின்னண்ணன் என்று பெயர், அவளை அழைத்துப்போகச் சேந்தமங்கலத்திலிருந்து கார் எடுத்துக்கொண்டு வந்தான். கதிர்வேல் பதறிப் போய் அந்த வீட்டு வாசலில் நின்றான். ஆத்தாயி வழியை மறித்து உட்கார்ந்திருந்தாள்.

“வாங்க சாமி. இன்னைக்குப் பட்டற ஓடலீங்களா?”

“ஆத்தா, நாந்தானுங்க கூப்புட்டேன். அவங்க மேல தப்பில்லீங்க.”

“கூப்புட்டது நீ. சிரிச்சது அவ.” ஆத்தாயியின் குரல் உயரவே இல்லை. “எம்மவன் போட்ட தறியில இனி அவ கை படக் கூடாது.”

சின்னண்ணன் யார் முகத்தையும் பார்க்காமல் துணி மூட்டைகளை டிக்கியில் அடைத்தான். சேந்தமங்கலத்தில் அவன் வீட்டில் தறி கிடையாது. பாவாயிக்குத் தறியை விட்டால் வேறு வேலை தெரியாது. அவள் வெளியே வந்து கதிர்வேலுக்கு நேராக நின்றாள். அழுத முகமாகத் தெரியவில்லை. அழுதிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

“அதுல எழுதுனத நீ எப்பப் பாத்தே?”

பொய் நாக்கு நுனிவரை வந்தது. “காலையிலீங்க்கா.”

“எப்ப எடுத்தே?”

“பொழுதெறங்க.”

“மத்தியானம் சோறு தின்னியா?”

“தின்னேன்.”

“ம்” என்றாள். காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஃபேர்லேண்ட்ஸுக்கு வரவில்லை என்று அன்றே சொல்லிவிட்டான். சொன்னதால் பாவாயிக்குத் தறி திரும்பக் கிடைத்துவிடவில்லை. சங்கத்துக்காரர்களும் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பட்டறை கொள்ளாத கூட்டம். வீடியோ பார்த்து ராசிபுரத்திலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். கட்டைகள் பாவாயியோடு போய்விட்டதால், பழையபடி புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்து வைத்திருந்தார்கள். கதிர்வேலுக்கு எதிரே ராசிபுரத்துப் பெண் ஒருத்தி உட்கார்ந்தாள். பெயர் மதுமதி.

“ஏனுங்க, அந்த வீடியோவுல சிரிச்ச அக்கா வல்லீங்களா? அவங்களோட ஒரு ஆட்டம் ஆடோணும்னுதான் வந்தேன்.”

சரிதா முந்திக்கொண்டு, “அவங்க ஊருக்குப்…” என்று தொடங்கினாள்.

“நான் போட்ட வீடியோவால அவங்கள ஊட்ட உட்டு அனுப்பிட்டாங்க” என்றான் கதிர்வேல். “தப்பாப் பேசறாங்கன்னு காலையிலயே தெரியும். சாயங்காலந்தான் எடுத்தேன்.”

பல்லாங்குழி மூலையில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் போனை அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டார். யாரோ, “உங்க ஆட்டமுங்க” என்றார்கள். புளியங்கொட்டைகளை அள்ளிப் போட்டான். ஆட்டம் நடந்தது.

முடியும் தறுவாயில் மதுமதி அவன் காயை வெட்டினாள். வெட்டிய வேகத்தில் அவளுக்குச் சிரிப்பு பொங்கி வந்தது. பாதியிலேயே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, யார் கையிலாவது போன் இருக்கிறதா என்று சுற்றிலும் பார்த்தாள்.

கதிர்வேல் வெட்டுப்பட்ட காயை எடுத்துக் கட்டத்துக்கு வெளியே வைத்தான்.